டிராகுலாவும் கிறீஸ் பூதமும்

எங்கட செட்டில யாருக்குமே ரத்தக்காட்டேரிப் படம் எண்டா அலுக்காது. பல்கலைக்கழக விடுதியில லைட் நிப்பாட்டிட்டு, ஒரே லெப்டொப்பைச் சுத்தி ஆறு பேர் குந்தி இருந்து பாக்கிற கூட்டம் நாங்க. குச்சவெளியில இருந்து வந்த எங்க மூண்டு பேருக்கு மட்டும் அந்தப் படங்களில வேற ஒரு கணக்கும் இருக்கு. அதைச் சொல்ல முதல் கொஞ்சம் வரலாறு.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் வந்தது 1897இல். அதைத் திரையில் முதலில் பெரிதாகக் காட்டியது ஜெர்மன்காரர். எஃப். டபிள்யூ. முர்னாவின் 'நொஸ்ஃபெராத்து' 1922இல் வெளியானது. நாவலுக்கு உரிமை வாங்காமல், டிராகுலாவுக்கு ஓர்லொக் என்று பெயரை மாற்றிவிட்டு எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் விடவில்லை, வழக்குப் போட்டார். 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பின பிரதிகளால்தான் இன்றைக்கு நாங்கள் அதைப் பார்க்கிறோம். நீதிமன்றம் கொன்றும் சாகாத படம்!

இன்னொன்றும் இருக்கு. சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துப்போகும் என்பது பழங்காலத்து நம்பிக்கை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், அந்த நேரம் அவனுக்குப் பலம் குறைவு, அவ்வளவுதான். விடியல் வெளிச்சத்தில் அவனைக் கரைத்து இல்லாமலாக்கியது முர்னாவின் படம். இப்ப எல்லாரும் அதைத்தான் 'விதி' என்கிறார்கள்.

1931இல் ஹங்கேரியில் பிறந்த பெலா லுகோசி கோட்டுப் போட்ட கனவானாக வந்தார். அந்தப் படத்தில் ஒரு இடத்திலும் கோரைப்பல் தெரியாது, தேடிப் பாருங்க. முழுப் பயமும் கண்ணிலும் அந்த இழுத்து இழுத்துப் பேசும் குரலிலும்தான். 1956இல் அவர் இறந்தபோது டிராகுலாவின் மேலங்கியோடேயே அடக்கினார்கள். பல்லும் சிவப்பு ரத்தமும் கலரில் வந்தது 1958இல், இங்கிலாந்தின் ஹாமர் கம்பனி எடுத்த படத்தில, கிறிஸ்டோபர் லீயோடு. எங்களில் பாதிப்பேர் லீ கட்சி. 1966இல் வந்த அடுத்த படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை, சீறலும் பார்வையும் மட்டும்தான். அதுவே போதும்.

எங்கட பக்கத்துக்குக் கிட்டவான கதை லாகூரில் இருக்கு. 1967இல் வந்த உருதுப் படம் 'ஸிந்தா லாஷ்'. அதில் ரத்தக்காட்டேரி ஒரு விஞ்ஞானி. சாவை வெல்ல மருந்து செய்து குடித்து, செத்து, பிறகு எழும்புகிறான். முஸ்லிம் நாட்டில் எடுத்த படத்தில் சிலுவையைக் காட்டி அவனை விரட்ட முடியுமா? கடைசியில் வெயில்தான் அவனை முடிக்கிறது. இதை உம்மம்மாவுக்குச் சொன்னபோது, "ஆயத்துல் குர்ஸி ஓதினாப் போதுமே, ஏன் வெயில் வரும் வரைக்கும் இருந்தானுகள்?" எண்டு கேட்டா.

'ரத்தக்காட்டேரி' என்ற சொல்லிலும் ஒரு வம்பு இருக்கு. காட்டேரி தமிழ்க் கிராமங்களில் ஒரு தெய்வம். ஒப்பந்தக் கூலிகளாகப் போன சனம் அவளைக் கயானா வரைக்கும் கூட்டிப் போயிருக்கு, அங்கே இன்னும் படையல் வைக்கிறார்கள். அவள் ஊருக்குள்ளேயே இருப்பவள், கேட்பதைக் கொடுத்தால் அடங்குவாள். டிராகுலா அப்படியில்லை. வெளியூர்ப் பிரபு, காணி வாங்க வாறவன், கப்பலில் மண் நிரப்பின பெட்டியோடு இறங்குபவன். எங்கட தெய்வத்தின் பெயரை அவனுக்குக் கொடுத்தது எங்களுக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.

இனி அந்த மற்றக் கணக்கு.

2011 ஆகஸ்ட். போர் முடிந்து இரண்டு வருஷம். எங்களுக்கு எட்டு, ஒன்பது வயசு. போன மாசம்தான் ராகவா லோரன்சின் 'காஞ்சனா' வந்திருந்தது, அதைப் பாத்துப் பயந்து சிரிச்சுக்கொண்டு திரிந்த நேரம். திடீரெண்டு இரவில் 'கிறீஸ் பூதம்' வருதாம் எண்ட கதை நாடு முழுக்கப் பரவினது. பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின. முந்தி, பிடிபடாமல் வழுக்கிப் போக உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் கள்ளனுக்குத்தான் அந்தப் பெயர். இந்த முறை அவன் பெண்களைக் கீறிவிட்டுப் போகிறான் என்றார்கள். எங்கட தெருவில் சொன்னது இன்னும் மோசம்: புதையல் எடுக்க ரத்தம் வேணுமாம்.

கிண்ணியாவில், சந்தேகப்பட்டவர்கள் கடற்படை முகாமுக்குள் ஓடிவிட்டார்கள் என்று சனம் முகாமைச் சூழ்ந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஒரே இரவில் நூறுக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்து அடித்தார்கள், அது வழக்காகவும் போனது. பல வருஷமாக நீடித்த அவசரகாலச் சட்டம் அந்த மாசக் கடைசியில்தான் முடிவுக்கு வந்தது. பூதம் இருந்ததா இல்லையா என்பதை விட, சனம் யாரை நம்பேல்ல என்பதுதான் அந்த மாசத்தின் வரலாறு என்று இப்ப எங்களுக்குத் தோன்றுது. முப்பது வருஷமாகக் கதவைத் தட்டினவர்களைப் பாத்த சனத்துக்கு, தட்டாமல் வாற ஒருவனை நம்புறது லேசு.

நாவலில் டிராகுலா, வீட்டுக்காரர் ஒருவர் 'வா' எண்டு சொல்லாமல் முதல் தடவை வாசல் தாண்ட ஏலாது. 2025இல் வந்த 'சின்னர்ஸ்' படத்திலும் அந்த வாசல்தான் முழு ஆட்டமும். 1932இன் மிசிசிப்பியில் ஒரு மண்டபத்துக்கு வெளியே நின்று, உள்ளே விடுங்கோ எண்டு சிரிச்சுக் கேக்கிறான். அதைப் பாத்துக்கொண்டிருந்த எங்களுக்கு உம்மம்மா அந்த ஆகஸ்டில் ஜன்னலுக்கு அடிச்ச ரெண்டு பலகை ஞாபகம் வந்தது. அனுமதி கேக்கிற பேய் எவ்வளவு மரியாதையான பேய்!

போன லீவில் வீட்டில 'நொஸ்ஃபெராத்து' போட்டோம். பேச்சில்லாத படம், உம்மம்மாவும் வந்து இருந்தா. கப்பல் வருது, எலி வருது, ஊரில் கொள்ளைநோய். சனத்துக்குப் பழி போட ஆள் வேணும். ஓர்லொக்கின் கையாளான நொக்கைத் தெருத்தெருவாகத் துரத்துகிறார்கள். கூரையில் ஏறினவனுக்குக் கல் எறிகிறார்கள். ஒரு இடத்தில் அவன் எண்டு நினைச்சு வயல்வெளி வெருளியைப் பிச்செறியிறார்கள். உண்மையான ஆள் அந்த நேரம் ஜன்னலுக்குப் பின்னால் நிக்கிறான்.

"அவன் இல்லயே. ஏன் அவனத் துரத்துறானுகள்?" எண்டு உம்மம்மா கேட்டா.

எங்களில் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. அந்த ஆகஸ்டில் சைக்கிளில் புடவை விக்க வந்த ஒரு மனுஷனை எங்கட தெரு அடிச்சது. வெளியூர், கறுத்த பை, பொழுது படுற நேரம், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். பெரியவங்கள் தடியோட நிண்டாங்கள். நாங்களும் கல் எடுத்தோம். ரெண்டு பேருடைய கல் பட்டது, ஆருடையது எண்டும் தெரியும். பைக்குள்ளே இருந்தது புடவையும் கடன் கொப்பியும்தான். விடியத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது, அவர் மாசா மாசம் வாறவர், எங்கட வீட்டிலயே தேத்தண்ணி குடிச்சிருக்கிறார் எண்டு.

அதுக்குப் பிறகு அவர் குச்சவெளிப் பக்கம் வரவே இல்லை. உம்மம்மா அவரிட்டக் கடனுக்கு எடுத்த புடவைக்கு முன்னூறு ரூபா மிச்சம். அது இன்னும் குடுக்கல்ல.