கட்டைவிரல் ஏன் கடுக்கிறது? – ஆக்சிலேட்டரின் 150 ஆண்டு வரலாறு



பைக் வரலாறு என்று யார் எழுதினாலும் எஞ்சின், சிசி, மைலேஜ், டாப் ஸ்பீடு என்றுதான் எழுதுகிறார்கள். அந்த எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை கையைப் பற்றியது. குறிப்பாக வலது கைக் கட்டைவிரலைப் பற்றியது.

ஏடிவி என்றதும் நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கு பாஹா போட்டிதான் ஞாபகம் வரும். அது வேறு. அதில் ஸ்டீயரிங் சக்கரம், காலில் ஆக்சிலேட்டர். நான் சொல்வது பைக் மாதிரி ஹேண்டில்பார் வைத்த, நாலு குண்டு டயர் வண்டி. பெங்களூரைச் சுற்றியுள்ள ரிசார்ட்டுகளில் வாடகைக்கு விடுகிறார்களே, அதேதான். இதில் ஆக்சிலேட்டரை முறுக்குவது கிடையாது. வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன லீவர் இருக்கும், அதை அமுக்க வேண்டும். பத்து நிமிடம் ஜாலியாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் கட்டைவிரலின் அடிப்பகுதி கடுக்கும். இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும்.

கட்டைவிரலில் கொண்டுபோய் ஏன் ஆக்சிலேட்டரை வைத்தார்கள்? பதில் தேடிப்போனால் அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் சுற்றி நம்ம ஓசூருக்கே வந்து நிற்கிறது.

ஸ்பிரிங் வந்த கதை

1869 வாக்கில் அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் என்பவர் நீராவியில் ஓடும் இருசக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அதன் ஹேண்டில்பாரை ஒரு பக்கம் திருப்பினால் நீராவி திறக்கும், மறுபக்கம் திருப்பினால் பிரேக் பிடிக்கும். கையால் முறுக்கும் பழக்கத்தின் ஆரம்பம் இதுதான் எனலாம். பிறகு 1904ல் கிளென் கர்ட்டிஸ் தன் மோட்டார் சைக்கிளில் முறுக்கு கிரிப் வைத்தார். (பின்னாளில் விமானத் துறையில் ரைட் சகோதரர்களுக்குப் போட்டியாக வந்தாரே, அதே கர்ட்டிஸ்தான்.)

ஆனால் அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் வண்டிகளில் முறுக்கு கிரிப் கிடையாது. ஹேண்டில்பாரில் சின்னச் சின்ன லீவர்கள் இருக்கும். பெட்ரோலுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். வேகத்தை வைத்துவிட்டு விரலை எடுத்துவிடலாம், கைக்கு வேலையே இல்லை!

ஆஹா, எவ்வளவு வசதி என்று தோன்றும். ஆனால் ஓட்டுபவர் கீழே விழுந்தால் என்ன ஆகும்? எஞ்சின் தன்பாட்டுக்கு அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கையை எடுத்தவுடன் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வந்தது. அமெரிக்காவில் 1974ல் நடைமுறைக்கு வந்த மோட்டார் சைக்கிள் கட்டுப்பாட்டு விதி இதைக் கட்டாயமாகவே ஆக்கியது.

நம்ம கை அசதியின் முதல் காரணம் இந்த ஸ்பிரிங்தான். ஒரே வேகத்தில் போக வேண்டுமென்றால் நாம் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரைக் கையில் பிடித்தபடி சும்மா நிற்பதே கஷ்டம்தான். தசை சுருங்கியே இருந்தால் அதற்குள் ரத்தம் சரியாக ஓடாது. கட்டைவிரல் விஷயமும் அதேதான். கையை அசத்தும் ஸ்பிரிங்தான் உயிரைக் காக்கும் ஸ்பிரிங். இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி வரும்.

கட்டைவிரலுக்கு வந்த வேலை

1960களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்த ஹோண்டா டீலர்களுக்கு ஒரு பிரச்சினை. குளிர்காலத்தில் பைக் விற்காது. பனியிலும் மணலிலும் போகிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்றார்கள். ஒசாமு தாகெயுச்சி என்ற பொறியாளர் தலைமையில் மூன்று பலூன் டயர் வைத்த ஒரு வண்டி உருவானது. 1970ல் விற்பனைக்கு வந்தது. ஏடிசி 90 என்று பெயர் பெற்றது. 1971ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படத்தில் ஷான் கானரியே இந்த வகை வண்டியை ஓட்டுவார்! நாலு சக்கர வண்டி 1982ல் சுசுகியிடமிருந்து வந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து நிறையப் பேர் பலியானதால் 1988ல் அமெரிக்க அரசோடு கம்பெனிகள் ஓர் ஒப்பந்தம் செய்து அவற்றின் விற்பனையை நிறுத்தின.

கரடுமுரடான இடத்தில் ஓட்டும்போது உடம்பு முன்னும் பின்னும் தூக்கிப் போடும். முறுக்கு ஆக்சிலேட்டராக இருந்தால், உடம்பு பின்னால் சாயும்போது கையும் பின்னால் இழுபட்டு வண்டி இன்னும் வேகம் எடுக்கும். மேட்டில் ஏறும்போது இப்படி நடந்தால் கதை முடிந்தது. கட்டைவிரல் லீவரில் அந்த ஆபத்து குறைவு. விரல் வழுக்கினால் லீவர் திரும்பிவிடும், எஞ்சின் அடங்கிவிடும். பனியில் ஓடும் ஸ்னோமொபைலிலும் கட்டைவிரல் லீவர்தான்.

பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, ஆனால் அதற்கு விலை உண்டு. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம் பூட்டு மாதிரி நிற்கும். ஏடிவியில் கட்டைவிரல் அந்தப் பூட்டை விட்டுவிட்டு லீவரை அமுக்கப் போய்விடுகிறது. அதனால் மற்ற நாலு விரலும் இரட்டிப்பாக இறுக்க வேண்டியிருக்கிறது. இப்படித்தான் கட்டைவிரலில் ஆரம்பித்த வலி முழங்கை வரை ஏறுகிறது.

ஓசூரும் இடது கையும்

வலது கை இப்படி மாட்டிக்கொண்டபோது இடது கைக்கு விடுதலை கிடைத்தது. 1958ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. ஹோட்டல் பையன் ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்ட வேண்டும் என்று யோசித்துச் செய்த வண்டி அது.

நம்ம ஊரில் அந்த விடுதலையைக் கொடுத்தது டிவிஎஸ் 50. 1980ல் ஓசூரிலிருந்து வெளிவந்தது. இரண்டு பேர் போகக்கூடிய 50 சிசி மொபெட். அப்போது கிருஷ்ணகிரி மாவட்டமே கிடையாது, ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. (2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது.) கியர் இல்லை, கிளட்ச் லீவர் இல்லை. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். பால் கேன், தீவனமூட்டை, ராயக்கோட்டைத் தக்காளி, ஓசூர் ரோஜாக்கட்டு என்று அது சுமக்காத சாமான் இல்லை. இன்றைக்கு எக்ஸ்எல் 100 என்ற பெயரில் அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் முன்னால் பாரம் ஏற ஏற ஹேண்டில்பாரும் கனக்கும், பிடியும் இறுகும். இறுக்கிப் பிடித்தால் எஞ்சின் அதிர்வு முழுசாகக் கைக்குள் இறங்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 தடவை. ஒரு மணி நேரத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் தடவை கை குலுக்கப்படுகிறது! ஸ்பிரிங்குக்கு அடுத்தபடியாக, அசதிக்கு இரண்டாவது காரணம் இந்த அதிர்வு.

கல் உடைத்தவர்கள் சொன்ன பாடம்

அதிர்வு கையை என்ன செய்யும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர்கள் பைக் ஓட்டிகள் இல்லை. கல் தச்சர்கள்.

குளிரில் விரல்களில் ரத்தம் நின்று வெளுத்துப்போவதை 1862லேயே பாரிசில் மோரிஸ் ரேனோ என்ற மருத்துவர் எழுதியிருந்தார். 1918ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர், இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்குப் போனார். (இவர்தான் 1919ல் ஹார்வர்டில் ஆசிரியரான முதல் பெண்மணி.) காற்றழுத்தச் சுத்தியலால் வேலை செய்யும் தொழிலாளர்களின் விரல்கள், குளிர்ந்த காலைப்பொழுதில் செத்த விரல் மாதிரி வெளுத்து மரத்துப்போவதைப் பார்த்தார். உளியைப் பிடிக்கும் இடது கையில்தான் அது அதிகம். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: அதிர்வு, விடாமல் இறுக்கிப் பிடிப்பது, குளிர்.

இந்த மூன்றையும் ஒரு பைக் ஓட்டியின் கையில் வைத்துப் பாருங்கள். அப்படியே பொருந்தும். ஜப்பானில் சின்ன மோட்டார் சைக்கிளில் தபால் கொடுப்பவர்களிடமும், பின்லாந்து, ஸ்வீடனில் ஸ்னோமொபைலில் கலைமான் மேய்ப்பவர்களிடமும் ஆராய்ச்சியாளர்கள் இதே மாதிரி மரத்துப்போகும், வெளுத்துப்போகும் விரல்களைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஹாமில்டன் எழுதி 67 வருடம் கழித்து, 1985ல்தான் பிரிட்டன் இதை 'அதிர்வு வெள்ளை விரல்' என்ற பெயரில் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. பெயர் வந்த பிறகுதான் அங்குள்ள நிலக்கரித் தொழிலாளர்களால் 1990களில் கோர்ட்டுக்குப் போய் இழப்பீடு வாங்க முடிந்தது. 2002ல் ஐரோப்பிய ஒன்றியம் அளவும் நிர்ணயித்தது. 8 மணி நேர வேலைக்கு, கையில் இறங்கும் அதிர்வின் முடுக்கம் 2.5 மீட்டர் (விநாடி வர்க்கத்துக்கு) தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 தாண்டவே கூடாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 5 என்ற அளவில் அதிரும் மிஷினைப் பிடித்தால் 8 மணி நேரத்தின் அளவு 2 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். 10 என்றால் அரைமணிதான்.

காலை ஐந்தரை மணி

இப்போது நம்ம பக்கம் வருவோம். கிருஷ்ணகிரி, பர்கூர் பகுதி கிரானைட் பூமி. குவாரியில் துளை போடும் மிஷின், பட்டறையில் வெட்டி பாலிஷ் போடும் மிஷின். ஓசூர் சிப்காட்டில் கிரைண்டர், நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கி. எல்லாமே கையை அதிரவைப்பவை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழிக் காலையில் நல்ல குளிர் வேறு.

முதல் ஷிப்டுக்காக காலை ஐந்தரைக்கு கிராமத்திலிருந்து கிளம்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கையுறை இல்லை. குளிர், இறுக்கிய பிடி, அதிர்வு மூன்றும் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. பிறகு 8 மணி நேரம் கிரைண்டர். பிறகு மறுபடி வண்டி. கம்பெனி கணக்கில் வேலை நேரம் மட்டும்தான் வரும். ரத்தக் குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் கூட்டித்தான் வைத்துக்கொள்ளும். ரிசார்ட்டில் ஏடிவி ஓட்டியவனுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். இவருக்கு அப்படி இல்லை.

நம்ம ஊரில் இதற்கு 'கை மரத்துப்போச்சு' என்பதைத் தாண்டி ஒரு பெயர் புழக்கத்தில் இல்லை. தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் கிளம்பிவிடுகிறோம்.

சரி, என்னதான் செய்வது?

வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், மற்ற எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஆக்சிலேட்டரை ரப்பர் பேண்டு போட்டோ, லாக் வைத்தோ நிறுத்துவது நூறு வருடத்துக்கு முந்தைய லீவருக்குத் திரும்பிப் போவது. வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் ஆக்சிலேட்டர் கேபிளைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். நாம் ஸ்பிரிங்கின் கனம் என்று நினைப்பதில் பாதி, துருப்பிடித்த கேபிளின் உரசலாக இருக்கலாம். ஏடிவியில் லீவர் இருக்கும் கோணத்தைத் திருப்பி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி வையுங்கள். லீவரை நீளமாக்கும் துண்டு கிடைக்கிறது, அதைப் போட்டால் குறைந்த பலத்தில் அமுங்கும். நேரான பாதையில் விரல் நுனிக்குப் பதிலாக உள்ளங்கையின் ஓரத்தால் லீவரைத் தள்ளலாம்.

வண்டியைக் கையால் பிடிக்காதீர்கள், முட்டியாலும் பாதத்தாலும் பிடியுங்கள். கை வழி காட்டினால் போதும். தேய்ந்துபோன கிரிப்பை மாற்றுங்கள். ஆனால் ரொம்பத் தடிமனான கிரிப்பும், தடிமனான கையுறையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும், பார்த்து வாங்குங்கள். குளிரில் கையுறை கட்டாயம். முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி விரல்களை விரித்து மடக்குங்கள். ஓசூர் – கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர், நடுவில் ஒரு டீ குடித்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

விரல் வெளுத்துப்போனாலோ, ராத்திரி தூக்கத்தில் மரத்துப்போய் எழுப்பினாலோ, சட்டைப் பட்டன் போடத் தடுமாறினாலோ அது வெறும் அசதி இல்லை. டாக்டரிடம் போங்கள். என்ன மிஷினில், தினமும் எத்தனை மணி நேரம் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காமல் அவருக்குத் தெரியாது.

2021ல் ஓசூரில் ஏதரும், போச்சம்பள்ளி பக்கம் ஓலாவும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகளைத் தொடங்கின. டிவிஎஸ்ஸும் 2020லிருந்து ஐக்யூப் விற்கிறது. இவற்றில் எஞ்சின் அதிர்வு இல்லை, இழுக்கும் கேபிளும் இல்லை. ஆனாலும் கையை எடுத்தால் திரும்பும் அந்த ஸ்பிரிங் மட்டும் அப்படியே இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

எலக்ட்ரிக் வண்டியில் வீட்டுக்குப் போனாலும் பட்டறை கிரைண்டர் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ அந்த வேலையில் இருந்தால், இன்றைக்கு ராத்திரி அவர் கை விரல்களை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் அவை வெளுக்குமா என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் இதற்கு வேறு பெயர் ஏதாவது சொல்வார்கள் என்றால் எனக்கும் சொல்லுங்கள்.