பட்டி, படல், பண்ணையத்து ஆள்

திருச்செங்கோட்டு மலையைச் சுற்றிக் கிடக்கும் மேட்டாங்காட்டு ஊர்களில் போய், 'இந்தப் பண்ணையம் யாருது?' என்று கேளுங்கள். உடனே ஒரு கவுண்டர் பெயர் வரும். 'இந்தக் கட்டுத்தரைக்கு மண்ணு இடிச்சது யாரு, படல் கட்டுனது யாரு?' என்று கேட்டால் பதில் வராது. நான் எங்கப்பனிடம் கேட்டேன்.

அப்பன் 1960களில், எட்டு வயதில், ஒரு பண்ணையத்துக்குப் பட்டிக்காவல் போனவர். வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு என்று பேச்சு. அந்தக் கம்பைத் தாத்தன் முன்னாலேயே வாங்கி, வீடு தின்றும் தீர்த்துவிட்டது. பையன் போனது அதைக் கழிக்க.

செம்மறிப் பட்டியைப் பார்க்காத தோழர்களுக்காகச் சொல்கிறேன். விளாரும் மூங்கில் பிளாச்சும் வைத்துப் பின்னிய படல்களை நாலு பக்கமும் முளையடித்து நிறுத்தி, மூலைக்கு மூலை கயிற்றால் இறுக்கினால் பட்டி. ராத்திரி ஆடுகள் போடும் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். ரெண்டு மூணு ராத்திரி கழித்து முளையைப் பிடுங்கிப் பக்கத்தில் பேர்த்துப் போட வேண்டும். இப்படியே நகர்ந்து நகர்ந்து காடு முழுக்க எரு ஏறிவிடும். வண்டி வேண்டாம், குப்பை சுமக்கக் கூலி வேண்டாம். மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளைந்தது இந்த எருவில்தான்.

பட்டியோடு சேர்ந்து ஒரு சாக்கும் நகர்ந்தது. பட்டி வாசலில் அதை விரித்துப் படுத்தவர் எங்கப்பன். ஆடிக்காற்றில் படல் சாய்ந்தால் இருட்டில் எழுந்து நிறுத்த வேண்டும். நரி வந்தால் நாய் குரைக்கும். திருடன் வந்தால் நாய்க்கு ஒரு துண்டு கறி போதும். 'ஒருக்கா ரெண்டு ஆடு போயிருச்சு. அந்த ரெண்டு ஆட்டுக்கு ரெண்டு வருசம் ஓட்டுனேன்' என்கிறார். சம்பளமில்லாமல் என்று பொருள். அதை அவர் தனியாகச் சொல்வதுகூட இல்லை.

இந்தப் பையன்களின் உலகத்தைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' நாவலில் (2000) எழுதினார். நல்ல நாவல். ஆனால் பட்டிக்குள் கிடந்தவர்களின் சொந்த வாய்மொழியையும் சேகரிக்க வேண்டும், அவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கட்டுத்தரை வேலை வேறு. மாட்டு மூத்திரத்தில் ஊறிய மேல்மண்ணை வெட்டிக் காட்டுக்குச் சுமந்து, புதுமண் கொட்டி, தண்ணி தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். கவலை இறைக்கத் தோல்பறி தைத்ததும், செத்த மாட்டைத் தூக்கியதும் எங்கள் ஆட்களே. கட்டுத்தரையின் எல்லா மூலைக்கும் கை போகலாம். வீட்டு வாசப்படிக்கு இந்தப் பக்கமே கால் நின்றுவிட வேண்டும். பட்டிப் பொங்கலன்று கொம்பு சீவி வர்ணம் பூசுவது அப்பன்; பொங்கச்சோறு முதலில் மாட்டுக்கு, கடைசியில் அப்பனுக்குக் கொட்டாங்குச்சியில்.

இன்னொரு பட்டியும் இருந்தது. சர்க்கார் வைத்த தொண்டுப்பட்டி. 1871ஆம் வருச கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரில் இறங்கிய ஆடுமாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கும் உரிமையை நிலத்துக்காரனுக்குக் கொடுத்தது. மாட்டுக்கு நாலணா, ஆட்டுக்கு ஓரணா என்று அந்தச் சட்டமே அபராதம் எழுதிவைத்தது. ஏழு நாளில் மீட்காவிட்டால் ஏலத்துக்கான வேலை தொடங்கும். நிலமே இல்லாதவன் ஒற்றை ஆடு வளர்த்தால், அது எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அடுத்தவன் காடுதானே! வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சட்டம் கொண்டுவந்தான் என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தையும் படிக்கலாம்.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமும், 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தன. காகிதம் ஊருக்குள் வந்து சேரப் பல வருசம் ஆனது. அதற்குள் பையன்கள் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் போகத் தொடங்கினார்கள். (தறியிலும் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டதுதான், அது தனிக்கதை.) எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை, காவலுக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் பட்டிக்குக் கம்பிவலை வந்தது, கட்டுத்தரைக்குச் சிமெண்டுத் தளம் வந்தது. இப்போது தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்டுப் பலகை அடித்த பரணில் வெள்ளாடு நிற்கிறது. புழுக்கை கீழே விழுகிறது, வழிக்க ஆள் வேண்டியதில்லை. 'நவீனக் கொட்டகை' என்கிறார்கள். அது எந்த ஆளுக்குப் பதிலாக நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

2011இல் தமிழக அரசு நிலமில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு நாலு ஆடு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. எங்காத்தாவுக்கும் கிடைத்தது. எங்கள் வளவில் வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்று. ஊருக்கெல்லாம் பட்டி போட்ட அப்பன் ஒரு முளைக்குச்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே அடித்துப் பார்த்தார். வண்டி போக வழியில்லை என்று பிடுங்கச் சொன்னார்கள். நாலு ஆட்டையும் ராத்திரி ஆத்தாவின் கட்டிலுக்கு அடியில் கட்டினோம்.