எல்லைக் கோட்டில் நின்ற காவல்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் பிறந்த பிலடெல்பியா மாநகர், 1854ஆம் ஆண்டு வரை சட்டப்படி ஏறத்தாழ 2 சதுர மைல் பரப்புடைய சிறு நகரமே. கிழக்கிலும் மேற்கிலும் ஆறுகள். வடக்கே வைன் வீதி. தெற்கே, இன்று சவுத் வீதி எனப்படும் சிடார் வீதி. ஆனால் வீடுகள் இவ்வெல்லைகளை எப்பொழுதோ கடந்துவிட்டன. 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகருக்குள் இருந்தோர் 121,376 பேர். நகரையும் உள்ளிட்ட கவுண்டி முழுவதிலும் 408,762 பேர். எஞ்சியோர் கென்சிங்டன், சவுத்வார்க், மொயமென்சிங் எனப் பல தனி ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தனர்.

ஒவ்வோர் ஆட்சிக்கும் தனிக் காவல். நகரத்துக் காவலனின் அதிகாரம் வீதியின் இப்பக்கத்தோடு முடிந்தது. குற்றவாளி அப்பக்கம் தாண்டினாற் போதும். தென்புறத்துச் சண்டைக் கும்பல்கள் இவ்வசதியை நன்கு அறிந்திருந்தன. தீயணைக்க வந்த தொண்டர் படைகளே தம்முள் அடித்துக்கொண்ட ஊரில், காவலின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

1844 மே மாதத்தில், குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கருக்கும் அந்நாட்டிற் பிறந்த புராட்டஸ்டண்டுகள் சிலருக்கும் கென்சிங்டனிற் கலகம் மூண்டது. கவுண்டி முழுவதற்கும் பொறுப்பாளரான ஷெரிப் மார்ட்டன் மக்மைக்கேலிடம் நிலையான படை ஏதும் இல்லை. குடிமக்களையே உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. மே 8ஆம் நாள் கென்சிங்டனில் புனித மைக்கேல் தேவாலயம் எரிந்தது. அன்றே நகர எல்லைக்குள் இருந்த புனித அகஸ்டின் தேவாலயமும் எரிந்தது. காவலைத் தடுத்த எல்லை கலகத்தைத் தடுக்கவில்லை. ஜூலையில் சவுத்வார்க்கில், குடிப்படை தெருவிலே பீரங்கி முழக்கும் அளவுக்கு நிலைமை முற்றிற்று.

அப்பொழுதும் எல்லைகளை அழிக்க எவரும் விரைந்தாரில்லை. வரி செலுத்தும் 150 பேருக்கு ஒரு காவலர் வேண்டும் என நகருக்கும் அடுத்த வட்டாரங்களுக்கும் 1845இல் ஒரு சட்டம் வந்தது. 1850இல் இவற்றுக்குப் பொதுவாக ஒரு மார்ஷலும் அவருக்குக் கீழ் ஒரு படையும் ஏற்பட்டன. பழைய ஆட்சிகளோ அப்படியே நின்றன. இவையெல்லாம் ஒட்டுத் தையல்களே.

1854 பிப்ரவரி 2ஆம் நாள் கையொப்பமான இணைப்புச் சட்டம் கவுண்டி முழுவதையும் நகரமாக்கியது. பரப்பு சுமார் 130 சதுர மைலாயிற்று. வடகோடியில் இருந்த பைபெரி போன்ற உழவர் ஊர்களும் அதே மேயரின் காவலுக்குள் வந்தன. வீதியைத் தாண்டித் தப்பும் வழி அடைபட்டது.

ஆனால் முன்பு பலர் கையிற் சிதறிக் கிடந்த அதிகாரம் இப்பொழுது ஒருவர் கையிற் சேர்ந்தது. இணைந்த நகரின் முதல் மேயர் ராபர்ட் கான்ராட், அந்நியக் குடியேற்றத்தை வெறுத்தோரின் ஆதரவோடு வென்றவர். அமெரிக்காவிற் பிறந்தோரை மட்டுமே அவர் காவற்படைக்கு எடுத்தார். கென்சிங்டனில் தேவாலயத்தை இழந்த ஐரிஷ் குடியேறிகளுக்கு, தங்கள் தெருவைக் காக்கும் படையில் இடமில்லாமற் போயிற்று. 1856இல் ரிச்சர்ட் வாக்ஸ் மேயரான பின்னரே அக்கதவு திறந்தது. கலகம் நடந்து அப்பொழுது 12 ஆண்டுகள் கழிந்திருந்தன.