சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெண்ணுறுப்புகளைக் காக்கும் அறுவை: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீர்ப்பையின் தசை அடுக்கினுள் புற்றுநோய் ஊடுருவிய பெண்களுக்குச் சிறுநீர்ப்பையுடன் கருப்பை, சூலகங்கள், யோனியின் முன்சுவர் ஆகியவற்றையும் சேர்த்து அகற்றுவது நெடுங்கால நெறியாக இருந்தது. அந்நெறி தளர்ந்த வரலாற்றையும், அத்தளர்வு பெண்களுக்குக் காலந்தாழ்ந்து வாய்த்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய், கருப்பை, உறுப்புக் காப்பு, மருத்துவ வரலாறு, மதுரை.

முன்னுரை

‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்பது விளாங்குடி முதலான மதுரைப் புறநகர்ப் பகுதிகளிலும் கேட்கக்கூடிய பேச்சுவழக்கு. எந்நோய்க்காக, எவ்வெவ்வுறுப்புகள், என்ன காரணத்தால் எடுக்கப்பட்டன என்பது அத்தொடரில் இல்லை. அவ்வினாக்களுக்கான விடை அறுவை மருத்துவ வரலாற்றில் உள்ளது.

தொடக்கக்கால அறுவைகள்

1887இல் செருமனியின் கொலோன் நகரில் பார்டன்ஹாயர் சிறுநீர்ப்பையை முழுமையாக அகற்றினார். நோயாளி இரு வாரங்களில் இறந்தார். 1889இல் பாவ்லிக் ஒரு பெண்ணுக்கு இதே அறுவையைச் செய்து, சிறுநீர்க்குழாய்களை யோனியுடன் இணைத்தார். அப்பெண் பல்லாண்டுகள் உயிர்வாழ்ந்தார். சிறுநீரை எங்கே திருப்புவது என்னும் சிக்கலுக்கு 1950இல் பிரிக்கர் நிலையான வழி கண்டார். சிறுகுடலின் ஒரு துண்டின் வழியே சிறுநீரை வயிற்றின் மேலுள்ள திறப்புக்குக் கொண்டுவருவது அவர் முறை.

விரிந்த அறுவையின் தருக்கம்

நியூயார்க்கின் விட்மோரும் மார்ஷலும் 230 நோயாளிகளின் அறுவை முடிவுகளை 1962இல் வெளியிட்டனர். சுற்றியுள்ள உறுப்புகளையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறை இக்காலத்தில் வலுப்பெற்றது. பெண்ணுடலில் சிறுநீர்ப்பையின் பின்சுவர் கருப்பையையும் யோனியின் முன்சுவரையும் ஒட்டியிருப்பதால், நோய் அங்குப் பரவும் என்னும் அச்சமே இதன் அடிப்படை. ஆயினும், அகற்றப்பட்ட உறுப்புகளைப் பின்னர் ஆராய்ந்தபோது அவற்றுள் பெரும்பாலானவற்றில் நோய் இல்லை. சூலகங்களை இழந்த இளம்பெண்களுக்கோ மாதவிடாய் முற்றும் நின்று, எலும்பும் நலிவுற்றது.

ஆணுக்கு முன்னும் பெண்ணுக்குப் பின்னும்

1982இல் வால்ஷ், ஆண்மையைப் பேணும் நரம்புகளைக் காக்கும் புரோஸ்டேட் அறுவையைச் செய்தார். 1987இல் அவரும் ஷ்லெகலும் அம்முறையை ஆண்களின் சிறுநீர்ப்பை அறுவைக்கு விரித்தனர். பெண்களின் சிறுநீர்ப் புறவழியைக் காத்துக் குடலால் புதிய பை அமைக்கலாமா என்னும் வினா 1990களில்தான் வலுப்பெற்றது; 1995இல் ஸ்டென்சல் குழுவினர் இதற்குச் சான்றளித்தனர். 2001இல் ஹோரன்பிளாஸ் குழுவினர் பாலுறவு வாழ்வைக் காக்கும் அறுவையை இருபாலாருக்கும் செய்து முடிவுகளை வெளியிட்டனர். இந்த இடைவெளிக்குப் பெண்களில் இந்நோய் குறைவாயிருப்பது ஒரு காரணம். பெண்ணின் பாலுறவு நலன் அறுவையின் அளவுகோலாகக் கொள்ளப்படாமை மற்றொன்று எனக் கருதலாம்.

தமிழகச் சூழல்

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. அதே ஆண்டில் மதுரை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. எர்ஸ்கின் மருத்துவமனை, இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை, அதன் பயிற்சிக்களமாயிற்று. எனினும், மருத்துவமனை அருகிலிருப்பது மட்டும் போதாது. சிறுநீரில் தோன்றும் குருதி மாதவிலக்குக் கோளாறென்றோ சிறுநீர்த் தொற்றென்றோ கருதப்படுவதால் பெண்களுக்கு நோய் தாமதமாகக் கண்டறியப்படுகிறது. கட்டி சிறுநீர்ப்பைக் கழுத்தையோ அண்டை உறுப்புகளையோ எட்டிய பின் அவற்றைக் காக்கும் வாய்ப்பு அருகிவிடுகிறது.

முடிவுரை

எதை அகற்றுவது என்பதோடு எதை விட்டுவைப்பது என்பதும் மருத்துவ முடிவே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. உறுப்புக் காப்பு அனைவருக்கும் பொருந்தாது. பொருந்தும் பெண்ணிடமோ அறுவைக்கு முன்பே அது எடுத்துரைக்கப்பட வேண்டும். அவ்வுரையாடலுக்குரிய எளிய தமிழை உருவாக்குவது மருத்துவர்க்கும் மொழியாய்வாளர்க்கும் பொதுவான பணியாகும்.