காயலில் பெய்த பெருமழை

கொற்கை என்னும் பெயரைக் கேளாதார் உங்களுள் இலர். பாண்டியரின் முத்துத்துறையாகிய அவ்வூரைக் கிரேக்க நூலாரும் குறித்துள்ளனர். இன்று அங்குச் சென்றால் கடலைக் காண மாட்டீர்கள்; அது சில கிலோமீட்டர் கிழக்கே விலகிக் கிடக்கிறது. நான் முன்பு அழைத்துச் சென்ற மாணவருள் ஒருவன், "ஐயா, துறைமுகம் எங்கே?" என்றான். வாழைத்தோட்டத்தையே காட்டினேன்.

தாமிரபரணி வெள்ளந்தோறும் கொணர்ந்த வண்டல் அத்துறையைத் தூர்த்தது. வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதியது அக்காயலையே. அதுவும் தூர்ந்தபின், போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. ஆற்றின் போக்கைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருந்து மெல்ல விலகிச் செல்ல நம் முன்னோர்க்கு அவகாசம் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நமக்கு அது வாய்க்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. இம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரியினும் அது மிகுதி. வந்தது புயலுமன்று, குமரிக்கடற் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சியே. பெயரிட்ட புயலுக்கு அஞ்சப் பழகிய நாம், பெயரில்லாத இதனைப் பெரிதாக எண்ணவில்லை. கோரம்பள்ளம் குளம் உடைந்து வெள்ளம் தூத்துக்குடி நகருக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், மேற்கொண்டு செல்ல வழியின்றி நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது.

முன்கணிப்புப் போதவில்லை என்றது மாநில அரசு; எச்சரித்தோம் என்றது வானிலைத் துறை. இரண்டிலும் உண்மை உண்டு என்பேன். ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட மழை எதுவாயினும் அதற்கு 'அதிகன மழை' என்னும் ஒரே பெயர்தான். இருபத்தொன்றும் அதுவே, தொண்ணூற்றைந்தும் அதுவே! அறுபது வாங்கியவனையும் நூறு வாங்கியவனையும் முதல் வகுப்பு என்று எழுதி வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் நான். அப்பட்டியலை வைத்துக்கொண்டு குளத்தின் கரையைக் காக்க முடியாது.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். இந்தியப் பெருங்கடலோ ஆண்டாண்டாய் வெப்பமேறி வருகிறது. ஆகவே பாட்டனார் காலத்து மழைக்கணக்கைக் கொண்டு வகுத்த கரையும் மதகும் பாலமும் பேரன் காலத்து மழையைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. உடைந்த கரையைப் பழைய அளவுக்கே கட்டி முடித்து, பணி நிறைவுற்றது என எழுதுவது எளிது.

என் தெருவில் ஒருவர், அன்று வெள்ளம் நின்ற உயரத்தைத் தம் வீட்டுச் சுவரில் கரிக்கோடாக இட்டு வைத்திருந்தார். சென்ற பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அக்கோடு மறைந்துவிட்டது.