கூடி வருதலும் பகிர்ந்து அனுப்புதலும்

சமூக ஒற்றுமையை வலியுறுத்தும் யூத விழாக்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்போம்: கூடாரப் பண்டிகையான சுக்கோத், பாரசீக அரசி எஸ்தரின் கதையை நினைவுகூரும் பூரீம். முன்னது அறுவடை முடிந்த நிறைவில் கொண்டாடப்படுவது. பின்னது அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட நினைவில் பிறந்தது. சுக்கோத் மக்களை எருசலேமுக்கு வரவழைத்தது. பூரீமோ, பாரசீகப் பேரரசின் 127 நாடுகளில் சிதறிக் கிடந்தவர்களை இருந்த இடத்திலேயே கடிதங்களால் இணைத்தது.

சுக்கோத்தின் ஒற்றுமை கையில் பிடிக்கக்கூடியது. நாரத்தை இனத்தைச் சேர்ந்த எத்ரோக் கனி, பேரீச்சங்குருத்து, மிருதுச்செடிக் கிளை, ஆற்றலரிக் கிளை ஆகிய நான்கையும் சேர்த்து ஏந்துகிறார்கள். சுவை கல்வியையும் மணம் நற்செயலையும் குறிப்பதாக லேவியராகமத்துக்கான மித்ராஷ் உரை விளக்குகிறது. எத்ரோக்குக்கு இரண்டும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை மட்டும், மிருதுச்செடிக்கு மணம் மட்டும். ஆற்றலரிக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் நான்கில் ஒன்று குறைந்தால் சடங்கு செல்லாது. கல்வியும் நற்செயலும் இல்லாதவருக்கும் சமூகத்தில் இடம் உண்டு என்பதைவிட ஒருபடி மேலான கூற்று இது: அவர் இல்லாமல் மற்றவர்கள் முழுமையடைவதில்லை.

பூரீமின் ஒற்றுமை கைமாறிச் செல்வது. சிதறிக் கிடக்கும் ஓர் இனம் என்றுதான், யூதர்களை அழிக்க நினைத்த அமைச்சன் ஆமான் பாரசீக அரசனிடம் அவர்களைக் குற்றஞ்சாட்டினான். சூசானில் இருந்த யூதர் அனைவரையும் ஒன்றுதிரட்டி நோன்பிருக்கச் செய்யுமாறு எஸ்தர் தன் உறவினர் மொர்தெகாயிடம் கேட்டது அந்தக் குற்றச்சாட்டுக்கு நேர் எதிரான செயல். நண்பர்களுக்கு உணவு அனுப்பும் வழக்கத்தையும் ஆமானுக்கான பதிலாகவே விளக்கினார், 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபேட்ஸ். ஒரு நண்பருக்கு இரண்டு வகை உணவாவது அனுப்ப வேண்டும். இரண்டு ஏழைகளுக்காவது கொடை தர வேண்டும். கை நீட்டும் ஏழையிடம் அன்று எந்த விசாரணையும் கூடாது.

வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஒற்றுமையின் விழாவான பூரீம் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வருவதில்லை. பொதுவாக யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 14. யோசுவா காலத்திலேயே மதில் பெற்றிருந்த நகரங்களில் 15. கிராமத்தார் ஊர்கூடும் திங்கள் அல்லது வியாழனிலேயே முன்கூட்டி எஸ்தர் சுருளை வாசித்துக்கொள்ளவும் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இடம் கொடுத்தது. சுக்கோத்தோ இதற்கு எதிர்த்திசையில் நின்றது. ஏழாண்டுக்கு ஒருமுறை ஆண், பெண், குழந்தை, அந்நியர் அனைவரும் ஒரே இடத்தில் திரண்டு திருச்சட்ட வாசிப்பைக் கேட்க வேண்டும் என்பது அதன் விதி.

கி.பி. 70இல் எருசலேம் கோயில் அழிந்தது. அந்தத் திரட்சியும் நின்றுபோனது. அதுவரை கோயிலில் மட்டும் ஏழு நாளும் ஏந்தப்பட்ட நால்வகையை, இனி எல்லா ஊரிலும் ஏழு நாளும் ஏந்த வேண்டும் என்று யூத அறிஞர் யோகனான் பென் சக்காய் ஆணையிட்டார். கூடும் விழா, சிதறிய விழா முன்பே கண்டறிந்த வழிக்கு வந்து சேர்ந்தது. இவ்விரண்டின் எதிர்பாராத உறவு இதுவே என்பது என் கருத்து.

எல்லைகளில் மட்டும் இரண்டும் வேறுபட்டே நிற்கின்றன. சுக்கோத்தில் பலியிடப்பட்ட 70 காளைகள் உலகின் 70 இனங்களுக்காக என்கிறது மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத். எஸ்தர் நூலின் ஒன்பதாம் அதிகாரமோ பகைவரைக் கொன்ற கணக்கையும் சொல்கிறது. அச்சம் ஒன்றுசேர்த்த சமூகத்தின் பார்வை தன் மதிலுக்குள் நின்றுவிடக்கூடும். நிறைவு ஒன்றுசேர்த்த சமூகம் அயலாரையும் நினைக்கிறது. இந்த ஒன்றில் என் தராசு சுக்கோத் பக்கமே சாய்கிறது.

ஏழையைப் பொறுத்தவரை அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. பூரீமில் விருந்தையும் நண்பருக்கு அனுப்புவதையும்விட ஏழைக்குக் கொடுப்பதைப் பெருக்குவதே மேல் என்று 12ஆம் நூற்றாண்டில் எழுதினார் யூத அறிஞர் மைமோனிடிஸ். சுக்கோத் உள்ளிட்ட திருநாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு தன் குடும்பத்தோடு மட்டும் உண்பவனின் மகிழ்ச்சியை வயிற்றின் மகிழ்ச்சி என்று ஒதுக்கியவரும் அவரே.