உலாக்காட்சியும் மொழிபெயர்ப்பும்

இடைக்காலக் காப்பியங்களில் சில காட்சிகள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. தலைவன் வீதியில் வர, நகர மகளிர் மாடங்களிலும் சாளரங்களிலும் திரண்டு காணும் உலாக்காட்சி அவற்றுள் ஒன்று. இத்தகைய பகுதிகளைக் கூறியது கூறல் எனக் கருதி மொழிபெயர்ப்பில் சுருக்கிவிடுவது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

மீள்வரும் காட்சிகளை வாய்மொழி மரபின் கூறாக விளக்கியோர் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் ஆவர். லார்டின் நூல் 1960இல் வெளிவந்தது. க. கைலாசபதி 1968இல் வெளியான தம் ஆங்கில நூலில் அக்கொள்கையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். பாடுவோன் விரைந்து புனைய இக்காட்சிகள் துணைசெய்யும் என்பது அக்கொள்கையின் ஒரு கூறு. ஆயின், உலாக்காட்சியை விரித்த காப்பியப் புலவர்கள் எழுத்து மரபினர். அவர்களுக்கு அது நினைவுத்துணை மட்டுமே எனல் பொருந்தாது.

இக்காட்சியின் முற்பட்ட வடிவங்களை வடமொழியில் காண்கிறோம். அசுவகோசரின் புத்தசரிதம் 3ஆம் சருக்கத்தில் இளவரசனைக் காண மகளிர் விரைகின்றனர். அதனையடுத்தே அவன் முதியவனைக் காண்கிறான். இளமையின் ஆரவாரம் மூப்பின் காட்சிக்கு முன்னுரையாகிறது. காளிதாசரோ இதனை மணவிழாவோடு இணைக்கிறார். ஒரு கண்ணில் மட்டும் மைதீட்டியவளும், செம்பஞ்சுக் குழம்பு உலராத அடியோடு ஓடுபவளும் அங்கு வருகின்றனர். இரகுவம்சம், குமாரசம்பவம் ஆகிய இரண்டின் 7ஆம் சருக்கங்களிலும் இப்பாடல்கள் ஏறத்தாழ அவ்வாறே அமைந்துள்ளன. ஓரிடத்தில் காணப்படுவோன் அயன், மற்றோரிடத்தில் சிவன்.

தமிழில் இக்காட்சி இருவகையாக வளர்ந்தது. ஒன்று, தனிச் சிற்றிலக்கியமாயிற்று. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலாவிலும், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவிலும் காணும் மகளிர் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவத்தினராக வகுக்கப்பட்டனர். மற்றொன்று, காப்பியத்துள்ளேயே நின்றது. கம்பர் மிதிலையில் உலாவியற் படலம் அமைத்தார். அயோத்தியில் இராமன் காடேகும்போது நகர மாந்தர் மீண்டும் அவனைக் காண்கின்றனர். ஆண்டு வேட்கை நின்ற இடத்தில் அழுகை நிற்கிறது. முன்னதை அறிந்தவர்க்கே பின்னதன் துயரம் முழுமையாகப் புலப்படும்.

எனவே மீள்வரும் காட்சியில் மாறாத கூறுகள் சட்டகமாகவும், மாறும் கூறுகள் பொருளாகவும் இயங்குகின்றன எனலாம். மாறாதவற்றை நீக்கிவிட்டால் மாறியதை உணர்தற்கு அளவுகோல் இல்லாமற் போகும். சாளரம், நெகிழும் அணி, விரையும் அடி முதலிய சொற்கள் ஒரு நூலுள் மீண்டும் வருமிடங்களில் ஒரே நிகரன்களைக் கையாளுதல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும். நயம் கருதி இடந்தோறும் புதுச்சொல் பெய்வதும் சுருக்குதலை ஒத்த இழப்பையே தரும்.